பித்தளைப் பூட்டும் பேஸ் பெட்டியும்

இந்தத் தாள்களைக் கையில் எடுத்திருக்கும் ஐயா அவர்களே, அம்மா அவர்களே,

ஆறாம் வகுப்புக்கு மேல் பள்ளி வாசலை மிதியாத ஒருவன் இதை எழுதுகிறான் என்பதை முதலிலேயே தெரிவித்துவிடுகிறேன். எனக்குத் தெரிந்த கணக்கும் மின்னியலும் சிரம்பான் பழைய புத்தகக் கடைகளில் வாங்கிய ஆங்கில இதழ்களை அகராதி வைத்து வரிவரியாகப் படித்ததால் வந்தவை. ஆகவே சொல்லில் பிழை இருந்தால் பொறுத்தருளுங்கள். ஒரு மரப்பெட்டியைப் பற்றியும், அது எனக்குக் கொடுத்த அச்சத்தைப் பற்றியும் மட்டுமே எழுதப்போகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் சிரம்பானை அடுத்த லுக்குட்டுக்கு அருகிலிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் தச்சனாக இருந்தேன். ரப்பர்த் தாள் உலர்த்தும் புகையறையின் கதவுகள், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளின் சன்னல்கள், பால் நிறுக்கும் மேசை, ஆலையின் கொட்டகைகள் அனைத்தும் என் பொறுப்பு. ஓர் ஆண்டு தோட்டம் வீடமைப்புக்காக விற்கப்பட்டது. ஆண்டு முடிவதற்குள் லயங்களைக் காலி செய்ய வேண்டும் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். எனக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. பால்மரம் வெட்டிய, அதாவது பட்டை சீவிப் பால் எடுத்த, என் மனைவிக்கும் வேலை போயிற்று. ஒரே மகள் செனவாங்கில் மின்பொருள் தொழிற்சாலைக்கு வேனில் போய்வந்துகொண்டிருந்தாள். அந்த வேன் லுக்குட் வழியாகத்தான் போகும். அதனால் எனக்கு லுக்குட்டில் ஒரு வேலையும் தலைசாய்க்க ஓர் இடமும் வேண்டியிருந்தன.

லுக்குட் பெரிய சாலையில் கார் அலங்காரப் பொருள்கள் விற்கும் கடை ஒன்று இருந்தது. அதன் சீன முதலாளி, எங்கள் பேச்சில் 'தவுக்கே', தோட்டத்து மக்களோடு வணிகம் செய்தே வளர்ந்தவர். தமிழைத் தண்ணீராகப் பேசுவார். ஆனால் அவர் கற்ற தமிழில் மரியாதைப் பன்மை என்ற ஒன்று கிடையாது. எங்கள் ஊரில் எல்லாரும் போல வாக்கிய முடிவில் 'லா' என்றும் இழுப்பார். அக்காலத்தில் இளைஞர் அனைவரும் காரில் நெஞ்சை அதிரவைக்கும் பேஸ் என்னும் தாழ்ந்த ஓசை வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்கான பெட்டிகளை அவர் வெளியூரிலிருந்து தருவித்தார். நான் ஒரு பெட்டியின் வரைபடத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணே, படம் ரொம்ப அழகா இருக்கு. படம் பாடுமா?"

"பெட்டி செஞ்சா பாடும், தவுக்கே."

"செய். ஒன்னு செஞ்சி கொண்டா. ஒரு மாசம் பாப்பேன். வாங்கினவன் திரும்பி வந்து கத்தலன்னா நீ இங்க வா, பின்னால பட்டறையும் இருக்கு, ரூமும் இருக்கு. கத்திக்கிட்டு வந்தான்னா நீ கதவு செய்யப் போ, லா."

முப்பது நாள், ஒரு பெட்டி. அதன்மேல் என் குடும்பத்தின் இருப்பிடம் நின்றது.

பெட்டி யாருக்கு என்பதையும் முதலாளியே முடிவு செய்தார். என் மகள் போய்வந்த வேனை ஓட்டியவர் ரஹாங் பகுதியைச் சேர்ந்த ஓர் இளைஞர். அவர் அந்தக் கடையில் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்றை வாங்கிவிட்டு, பொருத்த இடமின்றி அட்டைப்பெட்டியிலேயே வைத்திருந்தார். வேனில் பதினான்கு பெண்கள். கடைசி இருக்கையின் அடியில்தான் சிறிது இடம். அங்கே சாதாரணப் பெட்டி வைத்தால் ஸ்பீக்கரின் கூம்பு வெளியே தெரியும். செருப்புக் காலும் குடையும் சாப்பாட்டு அடுக்கும் இடித்து ஒரு வாரத்தில் கிழிந்துவிடும்.

ஆகவே நான் பேண்ட்பாஸ் என்னும் வகையைத் தேர்ந்தேன். அதில் பெட்டிக்குள் இரண்டு அறைகள். நடுச்சுவரில் ஸ்பீக்கர் அமரும். அதன் பின்புறம் முற்றிலும் மூடிய அறையை நோக்கியிருக்கும். முன்புறம் உள்ள அறையிலிருந்து ஒரு குழாய் மட்டும் வெளியே வரும். ஓசை அந்தக் குழாய் வழியாகவே வர வேண்டும். குறிப்பிட்ட தாழ்ந்த சுருதிகளுக்கு மட்டும் அந்தப் பெட்டி வழிவிடும், மற்றவற்றை உள்ளேயே அடக்கிவிடும். ஸ்பீக்கரை எவரும் உதைக்க முடியாது, எவரும் பார்க்கவும் முடியாது. எவரும் பார்க்க முடியாது என்பது பின்னால் எனக்கு எப்படிப்பட்ட சோதனையாக மாறும் என்பதை அன்று நான் எண்ணவில்லை.

ஸ்பீக்கரோடு வந்த தாளில் எனக்கு வேண்டிய எண்கள் மூன்று இருந்தன. தன்போக்கில் விட்டால் அது எந்த அதிர்வில் ஆட விரும்புகிறது என்பது ஒன்று, நொடிக்கு இருபத்தெட்டு. ஆடியபின் எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்பது இரண்டாவது. அதன் விளிம்பின் இளக்கத்துக்கு எத்தனை லிட்டர் காற்று ஈடாகும் என்பது மூன்றாவது, தொண்ணூறு. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியாரின் கணக்குப்பொறியை இரவல் வாங்கி நான்கு நாள் கணக்குப் போட்டேன். மூடிய அறைக்கு முப்பத்தொரு லிட்டர், குழாய் அறைக்கு இருபத்தைந்தரை லிட்டர் என்று வந்தது. நான்கு அங்குலத் தண்ணீர்க் குழாயில் ஒன்பது அங்குலத்துக்கு ஒரு நூல் கூடுதலாக வெட்ட வேண்டும். எண்களைத் தாளில் நம்பலாம், பலகையில் நம்ப முடியாது. எனவே பலகைகளைச் சேர்த்தபின் மூடிய அறையைக் காய்ந்த ரப்பர் கொட்டையால் நிரப்பி, அதை வாளியால் அளந்து சரிபார்த்தேன். ஐந்து லிட்டர் வாளியில் ஆறு வாளியும் மேலும் ஒரு லிட்டரும், காந்தம் விழுங்கும் இடத்துக்காக நான் சேர்த்திருந்த மிச்சமும் சரியாக வந்தன. அன்று எனக்குள் உண்டான பெருமிதத்தை மறைக்க விரும்பவில்லை.

மூடிய அறையில் ஊசிமுனை அளவு காற்றுக் கசிந்தாலும் கணக்கு முழுவதும் பாழ். கடையில் அதற்கென்று சிலிக்கான் பசைக் குழல் விற்றார்கள். நான் அதை நம்பவில்லை. இருபது ஆண்டுகள் ரப்பர்ப் பாலின் வாசனையில் வாழ்ந்தவனுக்குக் காற்றை அடைக்கப் பாலைவிடச் சிறந்த பொருள் உண்டு என்று தோன்றவில்லை. மரத்திலிருந்து வந்த பச்சைப் பால் சில மணி நேரத்தில் உறைந்துவிடும், பூச உதவாது. ஆகவே ஆலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் கேட்டு, பீப்பாய் அடியில் மிஞ்சிய பதப்படுத்திய பாலை ஒரு டின்னில் பெற்றுவந்தேன். மூடிய அறையின் உட்புறம் முழுவதும் மூன்று முறை பூசினேன். மூலைகளில் இன்னும் கனமாகவே ஊற்றினேன். மேலே தோல் படிந்து பளபளத்தது. விரலால் தொட்டேன், ஒட்டவில்லை. காய்ந்துவிட்டது என்று முடிவு செய்து, ஸ்பீக்கரைப் பொருத்தி, மூடியைப் பசையும் பதினாறு திருகாணிகளும் கொண்டு நிரந்தரமாக அடைத்தேன்.

பெட்டி வேனில் ஏறியது. முதல் நாள் மாலை மகள் படியேறும் முன்னரே வாசலில் நின்று கேட்டேன்.

"எப்படிம்மா பாடுச்சு?"

"வயித்துக்குள்ள யாரோ தவில் வாசிக்கிற மாதிரி இருக்குபா! பின் சீட்டு அக்கா, 'எனக்குக் கிட்னியே எடம் மாறிப் போச்சு, லா'ன்னு கத்துறாங்க. எறங்கச் சொன்னா மட்டும் எறங்க மாட்டேங்கிறாங்க."

"கொரகொரப்பு ஏதாவது?"

"ஒன்னும் இல்லபா. நீங்க மொதல்ல தண்ணி குடிங்க."

அன்றுமுதல் ஒவ்வொரு மாலையும் அதே கேள்வி. அவள் ஒவ்வொரு மாலையும் "அப்படியேதான் இருக்கு" என்பாள். நாட்காட்டியில் நான் ஒரு நாளை அடிப்பேன். பதினாறு நாள்கள் இவ்வாறு கழிந்தன.

பதினேழாம் நாள் தோட்ட நிர்வாகம் என்னை ஆலைக்கு அனுப்பியது. விற்பனைக்கு முன் அம்மோனியாக் கொட்டகையின் கதவுகளைக் கழற்ற வேண்டும். ரப்பர்ப் பால் உறையாமல் இருக்கச் சேர்ப்பது அம்மோனியா. அது அங்கேதான் இருந்தது. கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் ஒரு பழைய பூட்டு தொங்கியது. எழுபதுகளில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தக் கதவுக்கு நானே ஆசையாகப் பூட்டிய பித்தளைப் பூட்டு அது. சில மாதங்களில் அது நீலப்பச்சையாகப் பூத்து வெடித்தது. அப்போதைய மண்டோர் என்னைப் பார்த்துச் சிரித்ததும் நினைவுக்கு வந்தது.

"தச்சரே, அம்மோனியா கிட்ட பித்தளையும் செம்பும் காட்டக் கூடாது. தின்னுடும். இரும்புப் பூட்டு வாங்குங்க."

ஆலை முழுவதும் குழாய்த் திருகுகள் இரும்பாக இருந்ததன் காரணமும் அதுவே. இருபது ஆண்டுகளாக அறிந்த செய்தி. அந்தப் பூட்டைக் கையில் எடுத்ததும் கதவுகளைக் கழற்றுவதை நிறுத்திவிட்டேன்.

ஏனெனில் ஸ்பீக்கரின் பின்புறத்தில், கூம்புக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் இரண்டு மெல்லிய கம்பிப் பின்னல்கள் உண்டு. தலைமயிர் போன்ற செம்பு இழைகளைப் பின்னிச் செய்தவை. அந்தப் பின்புறம் நான் மூடிய அறையைத்தான் நோக்கியிருந்தது. அந்த அறையின் சுவர் முழுவதும் அம்மோனியா சேர்த்த பால். மேலே தோல் காய்ந்திருக்கலாம். மூலைகளில் கனமாக ஊற்றியது உள்ளே ஈரமாக இருந்தால், அந்த நெடி போக வழியே இல்லை. வழி இருக்கக் கூடாது என்பதற்காகத்தானே அத்தனை பாடுபட்டேன்.

அன்று மாலை வேன் லயத்தருகே நின்றதும் பின்கதவைத் திறந்து, பெட்டியின் குழாய் வாயில் மூக்கை வைத்து முகர்ந்தேன். வேன் ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"என்ன மாமா, பெட்டி கிட்ட ரகசியம் பேசுறீங்களா? எங்களப் பத்திக் கோள் சொல்லுதா?"

"சும்மா பாத்தேன், தம்பி."

எந்த வாசனையும் இல்லை. அது எனக்கு ஆறுதல் தரவில்லை. குழாய் இருப்பது முன்னறையில். நெடி இருப்பதோ பின்னறையில். நான் எவ்வளவு நன்றாக அடைத்திருந்தேனோ அவ்வளவுக்கு வெளியே ஒன்றும் தெரியாது.

ஐயா, அம்மா, இனி எழுதுவது எனக்குப் பெருமை சேர்ப்பதன்று. அடுத்த ஆறு நாள்களும் நான் வாய் திறக்கவில்லை. எஞ்சியவை பதின்மூன்று நாள்கள். பித்தளைப் பூட்டு வெடிக்கச் சில மாதங்கள் ஆயினவே, செம்பு இழை பதின்மூன்று நாள் தாங்காதா என்று எண்ணினேன். தாங்கிவிட்டால் நிபந்தனை நிறைவேறும், அறையும் கிடைக்கும். பிறகு அறுந்தால், ஸ்பீக்கரின் ஆயுள் அவ்வளவுதான் என்று உலகம் சொல்லும். பெட்டியை உடைத்துப் பார்ப்பவர் எவரும் இல்லை. மறுபக்கம் பூட்டு திறந்த கொட்டகையில் இருந்ததையும் எண்ணினேன். இழைகளோ மூடிய அறையில், தடித்த உலோகம் அல்ல, மயிரிழை. அந்தக் கணக்குக்கு எந்த இதழிலும் எனக்குச் சூத்திரம் கிடைக்கவில்லை. தேநீர் ஆறிப்போவதைப் பார்த்து என் மனைவி கேட்டாள்.

"பெட்டி பாடுதா இல்லையான்னு அது கவலப்படட்டும். நீங்க ஏன் எளைச்சுப் போறீங்க?"

அவளிடமும் நான் சொல்லவில்லை.

இருபத்துமூன்றாம் நாள் மாலை மகள் சொன்னாள்.

"இன்னிக்கு ஒரு பாட்டுல பேஸ் நின்னு நின்னு வந்துச்சுபா. வேன்காரண்ணன் 'ஆம்பிளிபையர் ஒயர் லூஸ் போல'ன்னாரு. அப்புறம் தானா சரியாயிடுச்சு."

"நீ எங்க ஒக்காந்திருந்த?"

"எப்பவும் போல, கடசி சீட்டுல. ஏன்பா?"

அந்த இழைகள் அறுந்து ஒன்றையொன்று தொட்டால் ஆம்பிளிபையர் கொதித்துத் தீப்பிடிக்கலாம். ஃபியூஸ் காக்கும் என்று புத்தகம் சொல்லும். ஆனால் அந்தப் பெட்டிக்கு மேலே என் மகளும் இன்னும் மூன்று பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். நாளைக் கணக்கிட்டுக்கொண்டிருந்த என் கை அன்று நாட்காட்டியை அடிக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. நண்பகலில் ஓட்டுநரை அழைத்துக்கொண்டு கடைக்குப் போய், பெட்டியைத் திறக்க வேண்டும் என்றேன். ஓட்டுநருக்கு வியப்பு.

"நல்லாப் பாடுற பெட்டிய ஏன் மாமா ஒடைக்கணும்? நேத்து கொஞ்சம் விக்கல் எடுத்துச்சு, அவ்வளவுதானே?"

முதலாளி கையிலிருந்த கரண்டியைத் தேநீர்க் கோப்பையில் போட்டார்.

"அண்ணே, கத்த வேண்டியவன் அவன். அவன் சும்மா இருக்கான். நீ ஏன் கத்துற?"

"உள்ள நான் அம்மோனியா கலந்த பால் பூசிட்டேன், தவுக்கே. அது செம்பத் தின்னும். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் பூசிட்டேன்."

"எப்ப ஞாபகம் வந்துச்சு?"

பொய் சொல்ல வழி இருந்தது. "ஒரு வாரம் ஆச்சு" என்றேன். ஓட்டுநர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்றும் நான் மறக்கவில்லை. முதலாளி உளியை எடுத்துக் கொடுத்தார்.

பதினாறு திருகாணிகளையும் கழற்றி, பசையை உளியால் விலக்கி மூடியை நெம்பினேன். நெடி முகத்தில் அறைந்தது. முதலாளி இரண்டடி பின்வாங்கினார்.

"ஐயோ, பால் ஸ்டோரயே உள்ள வச்சிருக்க, லா!"

மூலைகளில் பால் இன்னும் தயிர்போல் இளகி இருந்தது. ஸ்பீக்கரின் கம்பிப் பின்னல்கள் இரண்டும் நீலப்பச்சையாகப் பூத்திருந்தன. பித்தளைப் பூட்டின் அதே நிறம். ஒன்றை விரலால் தொட்டேன், உதிர்ந்தது. மற்றதில் நாலைந்து இழைகள் மிச்சமிருந்தன.

"அப்ப என் ஸ்பீக்கர்?" என்று ஓட்டுநர் கேட்டார். குரலில் கோபத்தைவிடத் திகைப்பே மிகுதி.

கூம்பும் சுருளும் கெடவில்லை. கடையின் கழிவுக் குவியலில் கிழிந்த ஸ்பீக்கர் ஒன்று கிடந்தது. அதன் பின்னல்களை எடுத்து ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். முதல் பற்று பிடிக்கவில்லை, இரண்டாவதுதான் பிடித்தது. பிறகு அறை முழுவதிலும் இருந்த பாலைச் சுரண்டி எடுத்தேன். தோல் தோலாக உரிந்து வந்தது. பெட்டியை அந்த வாரம் முழுவதும் திறந்தே காயவைக்க வேண்டும், அடுத்த சனிக்கிழமை மூடலாம் என்று சொன்னேன்.

கருவிகளைப் பையில் எடுத்துவைத்துவிட்டு, கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டேன்.

"அந்த ஒரு மாசம், தவுக்கே?"

"எந்த மாசம்? அது செத்துப் போச்சு."

நான் வாசற்படி இறங்கினேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"அடுத்த சனிக்கிழம பெட்டி மூடுவ இல்ல? மறுநாள்ல இருந்து எண்ணு. ஒன்னுல இருந்து. இந்தத் தடவ கடைப் பசை போடு, ஒன் மரத்துப் பால் வேணாம்."

அந்த வாரம் வேனில் பேஸ் இல்லை. "உங்கப்பா பெட்டியத் தொறந்ததுல இருந்து பாட்டெல்லாம் ரசம் இல்லாத சோறு மாதிரி இருக்குடி" என்று பெண்கள் என் மகளைக் கேலி செய்தார்களாம். அதைச் சொன்னபோது அவள் சிரித்தாள். ஓட்டுநர் ஒரு வாரம் எனக்கு வணக்கம் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை நான் பெட்டியை மூடும்போது பக்கத்தில் அமர்ந்து ஒவ்வொரு திருகாணியாக எடுத்துக் கொடுத்தார். மூடியைப் பசை போட்டு ஒட்டாமல் ரப்பர் பட்டை வைத்துத் திருகாணியால் மட்டும் இறுக்கினேன். எவரும் எப்போதும் திறந்து பார்க்கலாம்.

இரண்டாம் முப்பது நாள்கள் முதலாவதைவிட நீளமாக இருந்தன. காரணம், லயத்தைக் காலி செய்ய வேண்டிய நாள் அந்தக் கணக்கில் இருபத்தாறாம் நாளில் வந்து விழுந்தது. சாமான்களை எங்கே ஏற்றுவது என்று தெரியாமல் நான் கடை வாசலில் போய் நின்றேன். முதலாளி என் கைவிரல்களைப் பார்த்தார். நான் அறியாமலே நாள்களை விரலில் எண்ணிக்கொண்டிருந்தேன் போலும்.

"சாமான கொண்டாந்து பின் ரூம்ல போடு. நீ வராத. இன்னும் நாலு நாள் இருக்கு."

"சாமான் மட்டுமா, தவுக்கே?"

"சாமான் பெட்டி செய்யல. நீதான் செஞ்ச."

எனவே எங்கள் கட்டிலும் அடுப்பும் சாமிப் படங்களும் லுக்குட்டில் குடியேறின. நானும் மனைவியும் மகளும் நான்கு நாள்கள் லோபாக்கில் என் மைத்துனர் வீட்டில் தங்கினோம். மகள் காலையில் முக்கியச் சாலைவரை பேருந்தில் வந்து வேனைப் பிடித்தாள். மாலையில் அவள் வாயிலிருந்து "அப்படியேதான் இருக்கு" என்ற சொல்லைக் கேட்கும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

முப்பதாம் நாள் மாலை வேன் கடை வாசலில் நின்றது. ஓட்டுநர் இறங்கிக் கத்துவார் என்று ஒரு கணம் அஞ்சினேன். அவர் பின்கதவைத் திறந்து ஒலியைக் கூட்டினார். கடையின் கண்ணாடிப் பலகை அதிர்ந்தது. பெண்கள் உள்ளிருந்து கைதட்டினார்கள். முதலாளி வெளியே வந்து காதைப் பொத்திக்கொண்டு சொன்னார்.

"கத்துறான். ஆனா இது வேற கத்தல். அண்ணே, போய் அடுப்பப் பத்த வை."

அந்தப் பட்டறையில் எட்டு ஆண்டுகள் வேலை செய்தேன். செய்த ஒவ்வொரு பெட்டிக்கும் திறக்கக்கூடிய மூடி வைத்தேன். மூடியின் உட்புறம் என்ன பசை, என்ன மரம், எத்தனை லிட்டர் என்று பென்சிலால் எழுதிவைத்தேன். என் பெட்டியில் என்ன தவறு இருந்தாலும் அடுத்தவர் திறந்து அறிந்துகொள்ளட்டும் என்பதே என் எண்ணம். ஆனால் அந்த ஆறு நாள்கள் நான் வாய்மூடி இருந்ததை எந்த மூடியிலும் எழுதவில்லை. அதை இங்கே எழுதியிருக்கிறேன்.

ஐயா, அம்மா, இந்தத் தாள்களை எறிந்துவிடாமல் ஓர் இடத்தில் வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.